நடுக்கோட்டில் நின்ற எண்ணெய்

எதுவும் சரியாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. வண்டியைக் கோளாறோடு தள்ளிக்கொண்டு போனால் முகம் மலர்ந்துவிடும். "வா மிஸி, வா வா, என்னா சத்தம் இது?" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். ஒன்றுமில்லை, டயருக்குக் காற்று அடிக்கத்தான் வந்தேன் என்று சொன்னால் போச்சு. வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். "ஒண்ணும் இல்லையா? அது எப்படி ஒண்ணும் இல்லாம இருக்கும்?"

சாஆ என்கிற எங்கள் சின்ன ஊரில், நான் வேலை பார்த்த கிளினிக்குக்குப் பின்தெருவில் அவர் மோட்டார்சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் நர்ஸ் என்றால் கிழவர் முதல் குழந்தை வரை எல்லாருக்கும் மிஸிதான். நான் அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், போன இடத்தில் உட்கார்ந்துகொண்டே "என் பேரை எதுக்குப் போட்டா இந்த மிஸி? என்னா காரணம்?" என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அந்த மனிதருக்கு அங்கேயாவது நிம்மதி கிடைக்கட்டும்.

அண்ணியின் பெரிய மனக்குறை சாப்பாடு பற்றியது. பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அண்ணி வைக்கும் மிளகு ரசத்துக்காகவே மத்தியான வேளையில் அந்தப் பக்கம் ஏதாவது வேலையை உண்டாக்கிக்கொண்டு நான் போனதுண்டு. அவர் கை கழுவிவிட்டு வந்து உட்காருவார். ரசத்தை ஒரு வாய் உறிஞ்சுவார். நிறுத்துவார். அண்ணியை நிமிர்ந்து பார்ப்பார்.

"நல்லா இருக்கே. என்னா விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்ல. சாப்பிடுங்க."

"இல்ல, ரொம்ப நல்லா இருக்கே. பையன் ஏதும் போன் பண்ணானா? எதையாச்சும் மறைக்கிறியா?"

அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் டங்கென்று போடுவார். "பாத்தியா மிஸி? கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து இதே கதைதான். நல்லா இருக்குன்னு சொன்னமா, வாய மூடிக்கிட்டுச் சாப்பிட்டமான்னு இருக்காரா? பின்னாலயே ஒரு கேள்வி. கேள்வி இல்லாம அந்த வார்த்தை இவரு வாயிலேர்ந்து வந்ததே இல்ல."

அவர்களுக்கு ஒரே மகன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அங்கேயே தங்கிக்கொண்டு சனி ஞாயிறுக்கு வந்து போவான். அவனும் இதே குறையைத்தான் சொல்வான். பள்ளியில் படிக்கும்போது கணக்கில் பாஸ் என்று துள்ளிக்கொண்டு வந்து சொன்னானாம். தகப்பன் கேட்டாராம்: "நீ மட்டும் பாஸா, எல்லாரும் பாஸா?" எல்லாரும்தான் என்றதும், "அப்ப கேள்வித்தாள்ல ஏதோ தப்பு" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அவர் சந்தேகப்பட்டதெல்லாம் பலித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து ஊர் யோங் பெங்கில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கினார்கள். அவ்வளவுதான், இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சொன்ன நேரத்துக்கு வந்திருக்காங்க மிஸி. எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா?" என்று மண்டபம் முழுக்கச் சுற்றினார். சமையல்கட்டில் கேஸ் குழாயைத் தொட்டுப் பார்த்தார். மேடை விளக்கின் வயரைத் தடவிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அண்ணனை ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ விசாரித்து அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒன்றும் இல்லை. அந்தத் தம்பதி பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கிறார்கள். அதற்கப்புறமும் வருஷக்கணக்காக என்னிடம் கேட்பார்: "அந்த யோங் பெங் ஜோடி, நல்லாத்தானே இருக்காங்க?" நல்லா இருக்காங்கண்ணே என்றால், "ம்ம், பாப்போம்" என்பார்.

வெள்ளத்தின்போது மட்டும் ஊர் அவரைக் கேலி செய்வதை நிறுத்தியது. நாள் கணக்கில் மழை. ஆண்கள் குடையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பாலத்துக்குப் போவதும், தூணில் தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று பார்ப்பதும், வந்து சொல்வதுமாக இருந்தார்கள். ஒரு நாள் காலையில் தண்ணீர் ஏறவில்லை. மத்தியானமும் ஏறவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம். கடையில் உட்கார்ந்து தே தாரிக் டீ குடித்தார்கள். இவர் மட்டும், "மழ நிக்கல இல்ல? நிக்காத மழைக்குத் தண்ணி ஏறலன்னா என்னா அர்த்தம்? வர்ற தண்ணி வேற எங்கயோ போவுது லா" என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செம்பனைத் தோட்டத்துப் பக்கம் ஆற்றங்கரை உடைந்திருந்தது. ஆற்றுத் தண்ணீர் அந்த வழியாகத் தோட்டத்துக்குள் இறங்கி, எங்கள் தெருக்களின் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. இவர் சேறும் சகதியுமாக ஓடிவந்து கத்தியதில் நாங்கள் ஐஸ்பெட்டியை மேசைமேல் ஏற்றினோம், கிழவர்களை மேட்டுக்குக் கொண்டுபோனோம். பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வீட்டுக்குள் தண்ணீர் சமையல்கட்டு வழியாக வந்தது. அதன்பின் ஒரு மாதத்துக்கு அவருக்கு ஊரில் நல்ல மரியாதை. அந்த மரியாதையைப் பற்றியும் அவருக்குச் சந்தேகம்தான்.

இனி என் மோட்டார் கதைக்கு வருகிறேன். நான் பெரிய மோட்டார் ஓட்டுகிறவள். பழைய எழுநூற்றைம்பது சிசி வண்டி, இன்னொருவர் ஓட்டி அலுத்துப்போனது. சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிற மிஸி திங்கட்கிழமை ஹெல்மெட்டோடு இப்படி ஒரு வண்டியில் போகிறாளே என்று ஊரில் ஆயிரம் பேச்சு. பேசட்டும்.

சின்ன மோட்டார்களில் கிளட்ச் பிடியிலிருந்து ஒரு கம்பி போகும். என் வண்டியில் கம்பி கிடையாது, எண்ணெய்தான். இடதுகைப் பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, அதில் பிரேக் எண்ணெய். பிடியை அழுத்தினால் டப்பாவுக்குக் கீழே இருக்கும் சிலிண்டரில் ஒரு பிஸ்டன் நகர்ந்து, எண்ணெயைக் குழாய் வழியாக இன்ஜின் பக்கம் தள்ளும். அங்கே இன்னொரு பிஸ்டன் தள்ளப்பட்டு கிளட்ச் விடுபடும். டப்பாவின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. எண்ணெய் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அதில் தெரியும்.

கொஞ்ச நாளாக என் இடதுகைக் கையுறை ஈரமாகிக்கொண்டிருந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பெட்ரோல் டேங்கில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. அது எனக்குத் தாங்கவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"ஒழுகுது மிஸி" என்றார் பார்த்ததும்.

"ஒழுகல. கண்ணாடியப் பாருங்க. எண்ணெய் நடுக்கோட்டுல அப்படியே நிக்குது. மாசக்கணக்கா நான் தினமும் பாக்குறேன், ஒரு மயிரிழை எறங்கல. மழைத்தண்ணியாத்தான் இருக்கும்."

"மழைத்தண்ணி பெயிண்ட்ட உரிக்குமா? பிரேக் எண்ணெய்தான் உரிக்கும்." பிடிக்குப் பின்னால் இருந்த ரப்பர் உறையை விரலால் நெம்பினார். உள்ளே ஈரம். தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, முகர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு நேராகக் குனிந்து அந்த நடுக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராச்சும் எண்ணெய் ஊத்துனாங்களா?"

"என் வண்டிய யாருண்ணே தொடுவா? தொட்டுட்டு உசிரோட போயிருவானா?"

"அப்ப ஒழுகுது. ஆனா கொறையல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ரப்பரை மாற்றினால் முடிகிற வேலை; அதைச் செய்யாமல் ஆள் உட்கார்ந்து யோசிக்கிறார். நான் கிளினிக்குக்குத் திரும்பவேண்டும்.

"ரப்பர மாத்துங்கண்ணே, நான் போறேன்."

"ஒழுகுறதுக்கு நான் பயப்படல மிஸி. ஒழுகியும் சரியா நிக்குது பாரு, அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

என்னை வண்டியை எடுக்கச் சொன்னார். தான் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஊருக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு. சிகாமட் போகிற சாலையில், மேடு ஏறுகிற இடத்தில், கடைசி கியரில் போட்டு முழுசாக முறுக்கச் சொன்னார். முறுக்கினேன். இன்ஜின் அலறியது, சத்தம் மேலே மேலே போனது. வண்டி மட்டும் அதே வேகத்தில்தான் போனது.

"கேட்டியா? சத்தம் ஓடுது, வண்டி ஓடல" என்று காதுக்குப் பின்னால் கத்தினார். "லோரிய முந்தும்போது இழுக்கலன்னு உனக்குத் தோணவே இல்லையா?"

தோன்றியிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு மரக்கட்டை லோரியைத் தாண்டப் போய், எதிரே பஸ் வர, வண்டி இழுக்காமல், மறுபடி லோரிக்குப் பின்னாலேயே ஒதுங்கியிருந்தேன். வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பட்டறைக்கு வந்ததும் தரையில் சாக்கட்டியால் படம் போட்டுச் சொன்னார். பிரேக் கட்டை தேய்ந்தால் டப்பாவில் எண்ணெய் குறையும். கிளட்சில் எல்லாம் தலைகீழ். ப்ளேட் என்கிற தட்டுகள் தேயத் தேய, இன்ஜின் பக்கத்துப் பிஸ்டன் பின்னுக்கு வரும். அங்கே இருந்த எண்ணெய் மேலே டப்பாவுக்கு ஏறும். "மேல ஒழுகி எறங்குது. கீழ தேஞ்சு ஏத்துது. ரெண்டும் சேந்து உனக்குக் கோட்டுல நிக்குது. நீயும் தினம் அதப் பாத்துட்டு நிம்மதியா போற."

இரண்டு வேலையையும் செய்தார். சிலிண்டரைக் கழற்றி, வளையத்தை எடுத்து, பிஸ்டனை வெளியே இழுத்தார். ரப்பர் வாஷரின் உதடு தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. சிலிண்டருக்குள் நகத்தை விட்டு, கீறல் தட்டுகிறதா என்று மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். கீறல் இருந்தால் புது ரப்பர் போட்டும் பிரயோசனம் இல்லையாம். டப்பாவின் அடியில் ஊசிமுனை அளவில் இருந்த துவாரத்தைக் கம்பி இழையால் குத்தி விட்டார். பெட்ரோலில் கழுவப்போன என் கையைத் தட்டிவிட்டார். பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகுமாம். பிரேக் எண்ணெயிலேயே கழுவி, அதிலேயே நனைத்து மாட்டினார்.

கிளட்ச் மூடியைத் திறந்ததும் கருகின வாடை வந்தது. இரும்புத் தட்டுகளில் நீலம் பாய்ந்திருந்தது. தேய்கிற தட்டுகளை ஒவ்வொன்றாகத் தடிமன் அளக்கிற கருவியில் கவ்விப் பார்த்து, ஓரமாக வைத்துக்கொண்டே போனார். இரும்புத் தட்டுகளை ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல் படுக்கவைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். சிலவற்றில் தெரிந்தது, வளைந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியில் நான் மேலே பிடியை அழுத்திப் பிடிக்க, அவர் கீழே திருகாணியைத் திறந்து குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினார். "அழுத்து. புடி. விடு. ஐயோ, சொல்றதுக்கு முன்னால விடாத மிஸி!" ஊசி போடும்போது நான் எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன். அன்றைக்கு என்னை ஆசை தீர அதட்டிக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகப்பட மாட்டார். அது அவருடைய எடை.

அவருக்குச் சர்க்கரை உண்டு. மாதாமாதம் கிளினிக்குக்கு வருவார். எடை மெஷினில் ஏறி நிற்பார், முள்ளைப் பார்ப்பார், முகமெல்லாம் சிரிப்பு. "அதேதான்! பாத்தியா? கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. கல்யாண மாப்பிள்ள எடை." காலைக் கூட்டத்தில் எடை எடுக்கிறவர்கள் எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். எண் சரியாக இருந்தால் ஆளை யார் பார்க்கிறார்கள்?

ஒரு நாள் எடை எடுக்கிற இடத்தில் நான் நின்றேன். மெஷினில் ஏறும்போது பிடிமானத்துக்குச் சுவரைத் தொட்டார். கையை உயர்த்தியதும் கைக்கடிகாரம் சரசரவென்று முழங்கைப் பக்கம் இறங்கியது. மணிக்கட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்த இரும்புப் பட்டை அது. கழுத்தெலும்புக்குப் பின்னால் குழி விழுந்திருந்தது. முள்ளைப் பார்த்தேன். அதே எடை.

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அதேதான்!" என்றார்.

"உக்காருங்க. சாக்ஸக் கழட்டுங்க."

"எதுக்கு மிஸி? எடைதான் பாத்தாச்சே."

நானே குனிந்து கழற்றினேன். சாக்ஸின் விளிம்பு காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தேன். அழுத்திய குழி அப்படியே நின்றது. அவர் அதையே பார்த்தார். மேலே உடம்பு கரைந்துகொண்டிருந்தது, கீழே தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து முள்ளை ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தன.

"எடை சரியாத்தான் இருக்குண்ணே. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

டாக்டர் பார்த்துவிட்டு உடனே சிகாமட் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அப்போதுதான் இவர் ஆரம்பித்தார். பட்டறையில் ஒருத்தனுடைய வண்டி இன்ஜினைத் திறந்து போட்டிருக்கிறேன், அதை மூடிவிட்டு அடுத்த வாரம் போகிறேன் என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கூட்டத்துக்கு நடுவே கத்திவிட்டேன். "அடுத்தவன் வண்டின்னா தெறந்து பாக்காம விடமாட்டீங்க. உங்களுதுன்னா மூடி வச்சிக்குவீங்களா? இன்னிக்கே போறீங்க. இல்ல, அண்ணிய இங்கயே கூப்புடுவேன்." அண்ணி பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

இதயம். ரத்தத்தை இறைக்கிற சக்தி அதற்குப் பாதியாகக் குறைந்திருந்தது. தண்ணீரை வெளியேற்ற மாத்திரை கொடுத்தார்கள். சில நாளிலேயே வீக்கம் வடிந்தது. வார்டில் மறுபடி எடை மெஷினில் ஏற்றினார்கள். அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதான் என் எடையா மிஸி?"

"இதாண்ணே."

"அலாமாக். ப்ளேட் எல்லாம் தேஞ்சிருச்சு."

அதற்கப்புறம் மாத்திரையோடு நல்லபடியாகவே ஓடினார். பட்டறையில் ஒரு பையனைப் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி வருகிற வண்டிகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். உப்பு கூடாது என்றுவிட்டார்கள். அண்ணி ரசத்தையும் உப்பில்லாமல்தான் வைத்தார். ஒரு வாய் குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை. அவரோ, "ம்ஹூம், இது சரியில்ல" என்று ரொம்பத் திருப்தியாகச் சொல்லிக்கொண்டு குடிப்பார். கோளாறு எதுவென்று கண்ணுக்குத் தெரிகிறது, பின்னே என்ன கவலை அவருக்கு?

கடைசித் தடவை சிகாமட் ஆஸ்பத்திரியில் படுத்தபோது மூச்சிரைப்போடுதான் போனார். சில நாளில் தேறிவிட்டார். எனக்கு லீவு நாள், பார்க்கப் போயிருந்தேன். அண்ணி மத்தியானச் சாப்பாட்டை அடுக்குக் கேரியரில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலில் டாக்டரிடம் விசாரித்தேன். ரத்த அழுத்தம் சரி, நாடித்துடிப்பு சரி, கால் வீக்கமும் இல்லை, இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார். மகன் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது.

அண்ணி வெளியே வந்தார். கேரியரின் தட்டுகளைக்கூட அடுக்காமல் கையில் அள்ளிக்கொண்டு வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னாச்சு அண்ணி? சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு. ரசம் குடிச்சாரு." அண்ணியின் உதடு துடித்தது. "நல்லா இருக்குன்னாரு மிஸி."

"நல்லதுதானே..."

"உப்பு இல்லாத ரசம். நல்லா இருக்குன்னாரு. அவ்வளவுதான். எம்மூஞ்சியப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல." முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த எண்களைப் படிக்கத்தான் நான் படித்திருக்கிறேன். எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போய் மகனுக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கே வந்துரு தம்பி."

"ஏன் மிஸி? டாக்டர் என்னா சொல்றாங்க?"

"எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றாங்க."

"அப்புறம்?"

"அம்மா ரசம் கொண்டு வந்தாங்க. குடிச்சிட்டு நல்லா இருக்குன்னாரு."

"சரி. அப்புறம் என்னா கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கலப்பா."

போனில் கப்பல் பட்டறையின் இரும்பு அறுக்கிற சத்தம் பின்னால் தள்ளிப்போனது, அவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். பிறகு, "கிளம்பிட்டேன் மிஸி" என்றான்.

வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிட்டான். அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டிருக்க நேரம் இருந்தது. மறுநாள் காலையில் அவர் போய்விட்டார்.